கட்டுச்சோறும் திரும்பும் வழியும்

(திருநெல்வேலியில் ஒரு மாலை நிகழ்த்திய சொற்பொழிவு. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் சுருக்கித் தரப்படுகிறது.)



2020 சுதந்திர தினத்தன்று தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது மூன்று பெண்களுக்குக் கிடைத்தது. பெரம்பலூர்ப் பக்கம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் சிலர் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்த இந்தப் பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கரையேறினார்கள். செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்தப் பெண்களின் துணிச்சலோடு விருதின் பெயரும் மனதில் தைத்தது. கல்பனா சாவ்லாவுக்காகவும் தரையில் ஒரு சேலை இருந்தது. வீசத்தான் ஆள் இல்லை.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் செலவுக் கணக்குக்குப் போகவேண்டும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்ணோடம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு புளோரிடாவிலிருந்து கிளம்பியது. கிளம்பிய 82-வது விநாடியில், பக்கத்தில் இருந்த பெரிய எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. நுரை என்றதும் சோப்பு நுரையை நினைக்கவேண்டாம். நம் வீட்டு ஃபிரிட்ஜின் சுவருக்குள் இறுகிக் கிடக்குமே, அந்த வகை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. இந்தத் துண்டு முக்கால் கிலோ இருக்கும். மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில்.

மறுநாளே படச்சுருளில் அதைப் பார்த்துவிட்டார்கள். பொறியாளர்கள் சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. ராணுவத்திடம் இருக்கும் கேமராக்களால் இறக்கையைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. மேலதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். காரணம், நுரை பெயர்வது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. முன்பும் பெயர்ந்தது, கலம் பத்திரமாக வந்தது. கூரையில் விரிசல் விட்ட வீட்டில் பத்து வருஷம் குடியிருந்தவர் பதினோராவது மழைக்கும் படுத்துத் தூங்குவார் அல்லவா, அந்த நிம்மதி. ஜனவரி 23 அன்று கலத்தில் இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் போயிற்று. நுரை பட்டிருக்கிறது, இறங்கும்போது கவலைப்பட ஒன்றுமில்லை என்று.

பிப்ரவரி 1, சனிக்கிழமை. நமக்கு இரவு ஏழரை மணி. தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது டெக்சாஸ் வானத்தில் அந்தக் கலம் சிதறியது. இறக்கையில் விழுந்திருந்த ஓட்டை வழியாக, ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதித்த காற்று உள்ளே புகுந்து அலுமினியச் சட்டத்தை உருக்கிவிட்டது. சுற்றுப்பாதையில் பதினாறு நாள் இருந்தபோது அந்த ஓட்டை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் கொன்றது.

அந்த ஜூலையில் ஒரு சோதனை நடந்தது. சான் அன்டோனியோவில் ஒரு திடல். நிஜ இறக்கைத் தகட்டை நிறுத்திவைத்து, வாயுத் துப்பாக்கியால் அதே அளவு நுரைத் துண்டைச் சுட்டார்கள். கூடியிருந்த பலர் ஒரு கீறல் விழும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தலை நுழையும் அளவுக்கு, நாற்பது சென்டிமீட்டர் வாக்கில், ஓட்டை விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

நான் சேலை என்று சொன்னது இதைத்தான். விசாரணைக் குழு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. தொடக்கத்திலேயே படமெடுத்து உண்மை தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? கலத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் பிப்ரவரி 15 வரை ஏழு பேரும் தாக்குப்பிடித்திருக்கலாம். அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்ணோடம் அடுத்த பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக வேலை பார்த்து, சில சோதனைகளைத் தாண்டினால் பிப்ரவரி 10 அளவில் அதை ஏவியிருக்கலாம். ஆபத்தான வேலைதான், கைகூடும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் முயன்றிருக்கலாம்.

இதற்குப் பதினேழு ஆண்டு முன்பு, 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் 73-வது விநாடியில் சிதறியது உங்களில் பலருக்குத் தெரியும். குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையம். முந்தின இரவு பொறியாளர்கள் ஏவவேண்டாம் என்று வாதாடியும் ஏவினார்கள். விசாரணைக்கு வந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஐஸ் தண்ணீர் டம்ளரில் அந்த ரப்பரை முக்கிக் காட்டிய காட்சி பிரசித்தம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் விசாரித்துத் திரட்டிய இரண்டு எண்கள். விண்ணோடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். மேலாளர்கள் லட்சத்தில் ஒன்று என்றார்கள். பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். லட்சத்தில் ஒன்று என்றால் தினமும் ஒரு விண்ணோடத்தை ஏவினாலும் 270 ஆண்டுக்கு மேல் ஒரே ஒரு விபத்துதான் நடக்கவேண்டும். நடந்தது என்ன? 1981 முதல் 2011 வரை 135 பயணம், இரண்டு விபத்து, பதினான்கு உயிர். அறுபத்தெட்டுக்கு ஒன்று. முதல் சில பயணங்களில் ஆபத்து ஏறத்தாழ பத்தில் ஒன்றாகவே இருந்தது என்று பிற்காலத்தில் நாசாவே கணக்கிட்டது. அந்தப் பயணங்களில் போனவர்களுக்கு அப்போது யாரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

பணத்திலும் இதே கதை. விண்ணோடத் திட்டம் 1970-களின் தொடக்கத்தில் ஒப்புதலுக்கு வந்தபோது ஒரு பயணத்துக்கு ஒரு கோடி டாலர் சொச்சம் ஆகும், வாரம் ஒன்று வீதம் பறக்கலாம் என்றார்கள். கடைசியில் எல்லாச் செலவையும் கூட்டிப் பயணங்களால் வகுத்தால் ஒன்றுக்கு 150 கோடி டாலர் வந்தது. விலைவாசி ஏறியதைக் கழித்தாலும் பல மடங்கு. மிக அதிகமாகப் பறந்த 1985-லேயே ஒன்பது தடவைதான்.

சரி, ஏன் இவ்வளவு செலவாகிறது? இதற்கு விஞ்ஞானம் படிக்கவேண்டாம். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களைக் கேட்டால் போதும். வழியில் ஒரு கடையும் இல்லை, அன்னதானமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுச்சோற்றை நீங்களே சுமக்கவேண்டும். நான்கு நாள் சோற்றை ஒருவரால் சுமக்க முடியாது, கூட ஓர் ஆள் வைத்துக்கொள்கிறீர்கள். அந்த ஆளும் சாப்பிடுவார் அல்லவா? அவருக்குச் சோறு சுமக்க இன்னோர் ஆள். இப்படியே போனால் சுமக்கிறவர்கள் கூட்டம்தான் பெருகுமே ஒழிய, பழனி போய்ச் சேருகிறவர் நீங்கள் ஒருவர்தான். ராக்கெட்டும் இதுதான். எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க மேலும் எரிபொருள். ரஷ்யாவில் ஒரு பள்ளி ஆசிரியர், சியோல்கோவ்ஸ்கி, நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார்.

இதோடு திரும்பிவர வேண்டிய சோற்றையும் போகும்போதே சுமக்கவேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1969 ஜூலை 16 அன்று அப்போல்லோ 11 கிளம்பியபோது அந்த ராக்கெட் சுமார் 2,900 டன். ஜூலை 24 அன்று பசிபிக் கடலில் வந்து விழுந்தது ஐந்து டன் அளவில் ஒரு கூம்பு. மிச்சமெல்லாம் வழியில் எரிந்தும், கழன்றும், கைவிடப்பட்டும் போயிற்று. அப்போல்லோவுக்கு அமெரிக்கா அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,580 கோடி டாலர் செலவழித்தது. உச்சத்தில், 1966-ல், அந்நாட்டு மத்திய அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை ரூபாய்கூட இல்லை.

நம் கணக்கைப் பார்ப்போம். சந்திரயான்-3 திட்டத்துக்கு 615 கோடி ரூபாய். அதில் ஆளில்லாமல் போன விக்ரம் கலம் இன்னும் நிலாவிலேதான் நிற்கிறது. அதைக் கூட்டிவரச் சொல்லி யாரும் வழக்குப் போடவில்லை. ககன்யான் திட்டமோ 9,023 கோடியில் தொடங்கி 2024-ல் 20,193 கோடியாக விரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முழு நியாயமல்ல, பின்னதில் பல சோதனைப் பயணங்களும் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அடங்கும். ஆனாலும் ககன்யானின் நோக்கம் மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி மூன்று நாளில் திரும்ப அழைத்துவருவது. 400 கிலோமீட்டர் என்பது இங்கிருந்து பெரம்பலூரைத் தாண்டிக் கொஞ்சம். நிலா அதைப்போல ஆயிரம் மடங்கு தூரம்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை உங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் சோதனைக் கூடம் இருக்கிறது. ககன்யானுக்கான சிஇ-20 கிரையோஜெனிக் என்ஜினை மனிதர் பயணத்துக்கு ஏற்றது என்று சான்றளிக்க, நான்கு என்ஜின்களை அங்கே 39 முறை எரித்தார்கள். மொத்தம் 8,810 விநாடி. விதி கேட்டது 6,350 விநாடிதான். பயணத்தின்போது அந்த என்ஜின் எரியப்போவது பத்துப் பதினோரு நிமிடம். அதற்காக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தரையில் எரித்திருக்கிறார்கள். செயற்கைக்கோளை ஏற்றிப்போக இவ்வளவு தேவையில்லை. கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

இன்னொரு செலவு, பயன்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டு செய்கிற செலவு. ராக்கெட் உச்சியில் ஆளைப் பிய்த்துக்கொண்டு ஓடும் ஒரு குட்டி ராக்கெட்டை வைப்பார்கள். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் ஏவுதளத்தில் சோயுஸ் தீப்பிடித்தது. உள்ளே திதோவ், ஸ்திரெகாலோவ் என்று இரண்டு வீரர்கள். ராக்கெட் வெடிக்க இரண்டே விநாடி இருக்கும்போது அந்தக் குட்டி ராக்கெட் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. 2018 அக்டோபரில் இன்னொரு சோயுஸ் ஏறும் வழியில் உடைந்தபோதும் ரஷ்யர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் கஜகஸ்தான் புல்வெளியில் உயிரோடு வந்து இறங்கினார்கள். விண்ணோடத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. எடை கூடும், செலவு கூடும் என்று விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் மனிதரே போகவேண்டாம், ரோபோ போதும் என்று நான் சொல்லப்போவதாக நினைத்தால் அது தவறு. அப்போல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலா மண்ணும் பாறையும் 382 கிலோ. அதே காலத்தில் சோவியத் ரோபோக்கள் மூன்று பயணத்தில் கொண்டுவந்தது கால் கிலோவுக்குச் சற்று மேல். ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயில் 45 கிலோமீட்டர் நகரப் பதினான்கு ஆண்டு ஆயிற்று. அப்போல்லோ 17-ல் இரண்டு பேர் நிலாவில் ஜீப் ஓட்டி மூன்று நாளில் 35 கிலோமீட்டர் போனார்கள். அதில் ஒருவர் நிலவியலாளர். எதிர்பாராமல் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டு தோண்டினார். 2012-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஒரு திருகாணி ஏறாமல் மின்சாரம் தடைப்பட்டபோது, சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானியர் அகி ஹோஷிதேயும் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷைக் கட்டித் துளையைச் சுத்தம் செய்து மாட்டினார்கள். நம்மூர் மெக்கானிக் செய்கிற வேலை. எந்த ரோபோவுக்கும் அது தோன்றாது.

ஆகவே பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவதும், பொறுமையாக நிலாவுக்குப் போவதும் என் பார்வையில் நடக்கக்கூடிய காரியங்கள், செலவழிக்கத் தகுந்தவை. செவ்வாய் வேறு விஷயம். அங்கே ஆள் குடியேறப்போகிறார்கள் என்று வருஷம் போட்டுச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

நிலாவில் ஏதாவது கெட்டால் மூன்று நாளில் வீடு வரலாம். செவ்வாய்க்குப் போக ஆறு முதல் ஒன்பது மாதம். போய் இறங்கினால் உடனே திரும்ப முடியாது. பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வர இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. ஆகவே அங்கே ஐந்நூறு நாள் காத்திருக்கவேண்டும். மொத்தத்தில் மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவரை ஒரே மூச்சில் அதிக நாள் விண்வெளியில் இருந்தவர் வலேரி பொல்யகோவ், 437 நாள்.

நாலு பேர் என்று வைப்போம். ஆளுக்குத் தினம் 1.8 கிலோ உணவு, பொட்டலத்தோடு சேர்த்து. ஆயிரம் நாளுக்கு ஏழு டன்னுக்கு மேல். தண்ணீர் பரவாயில்லை, வேர்வையையும் சிறுநீரையும் வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு மீட்கும் வித்தை விண்வெளி நிலையத்தில் கைவந்துவிட்டது. இப்போது இறங்குவதைப் பாருங்கள். செவ்வாயில் இதுவரை நாம் இறக்கிய மிகக் கனமான பொருள் பெர்சிவியரன்ஸ் ஊர்தி. ஒரு டன்தான். அங்கே காற்று பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பாராசூட்டுக்குப் பிடிமானம் போதாது. ஆள் இறங்க இருபது டன்னாவது இறக்கவேண்டும்.

கதிர்வீச்சு. கியூரியாசிட்டி ஊர்தி போகும் வழியிலேயே அளந்தது, ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவெர்ட். மார்பை சிடி ஸ்கேன் எடுத்தால் ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது நாலு நாளைக்கு ஒரு சிடி ஸ்கேன், போக வர ஒரு வருஷம். தரையில் தங்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஆயிரம் மில்லிசீவெர்ட். நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் அனுமதிப்பது 600. எடையில்லாமல் மிதந்தால் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் கரையும். அதற்காகத் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறார்கள். செவ்வாயில் இறங்கினதும் ஸ்ட்ரெச்சர் கொண்டுவர யாரும் நிற்கமாட்டார்கள்.

வயிற்று வலி வந்தால்? தூரத்தில் இருக்கும்போது ஒலிச் செய்தி போகவே இருபது நிமிடத்துக்கு மேல், பதில் வர இன்னொரு இருபது. 1961-ல் அண்டார்டிகாவில் ஒரு சோவியத் முகாமில் இருந்த ஒரே டாக்டர் லியனீத் ரோகசோவ். அவருக்கே குடல்வால் அழற்சி. பனிப்புயலில் விமானம் வரமுடியாது. கண்ணாடியைப் பிடிக்கவும் விளக்கைத் திருப்பவும் ஆள் வைத்துக்கொண்டு, இருபத்தேழு வயதுக்காரர் தன் வயிற்றைத் தானே கிழித்து எடுத்துப் பிழைத்துக்கொண்டார். அவர் காலடியில் பூமி இருந்தது, சுற்றிலும் இலவசமாகக் காற்று இருந்தது.

காற்று என்றதும் ஒன்று. பெர்சிவியரன்ஸில் மாக்ஸி என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் காட்டியது. மிக அழகான வேலை, நான் அதற்கு எழுந்து நின்று கைதட்டுவேன். பதினாறு தடவை ஓடி மொத்தம் 122 கிராம். ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடலாம். நாலு பேர் ஒரு வருஷம் மூச்சுவிட ஒன்றேகால் டன் ஆக்சிஜன் போதும். ஆனால் அந்த நாலு பேரைச் செவ்வாய்த் தரையிலிருந்து கிளப்பும் ராக்கெட்டுக்கு வேண்டிய ஆக்சிஜன் 25 டன் அளவில். மூச்சைவிட இருபது மடங்கு, வீட்டுக்கு வர.

1989-ல் அமெரிக்க அதிபர் புஷ் செவ்வாய்க்கு ஆள் அனுப்பப்போவதாக அறிவித்தார். 50,000 கோடி டாலர் என்று மதிப்பீடு வந்ததும் அமெரிக்க நாடாளுமன்றம் சத்தமில்லாமல் மூடிவைத்தது. 2017-ல் அடிலெய்டில் எலான் மஸ்க் 2024-ல் ஆள் போவார்கள் என்று திரையில் போட்டுக் காட்டினார். 2024 வந்தது, போயிற்று. ககன்யானுக்கும் 2022 என்றுதான் 2018-ல் செங்கோட்டையில் சொன்னோம். ஆனால் அந்தத் தாமதத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். தேதிக்குப் பயந்து ஏவியதன் கதைதான் முன்பு சொன்ன சேலஞ்சர்.

இங்கே வரும்போது ஆட்டோக்காரர் என் தலைப்பைக் கேட்டுவிட்டு, ரோடு போடக் காசில்லை சார், இது எதுக்கு என்றார். இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. 20,193 கோடியை 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 144 ரூபாய், அரை பிரியாணி. இந்தத் தலைக்கணக்கு எனக்குப் பிடிக்காது. இப்படி வகுத்தால் எந்த ஊழலையும் டீச் செலவில் அடக்கிவிடலாம். சரியான ஒப்பீடு வேறு. விண்வெளித் துறைக்கு 2024-25-ல் ஒதுக்கியது சுமார் 13,000 கோடி. அந்தத் துறையின் ஒன்றரை வருஷப் பணத்தை ககன்யான் விழுங்குகிறது. புயல் சொல்லும் செயற்கைக்கோளும், மீனவருக்குச் செய்தி சொல்லும் கருவியும் இதே பையிலிருந்துதான் வரவேண்டும். அதில் ஒன்று தள்ளிப்போனால் ஆட்டோக்காரர் கேட்டது சரியான கேள்வி. நாடாளுமன்றத்தில் வருஷாவருஷம் கேட்கவேண்டிய கேள்வி.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2023 அக்டோபர் 21 காலை ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யானின் தப்பிக்கும் ஏற்பாட்டுக்குச் சோதனை. ஐந்து விநாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. என்ன என்று பார்த்துச் சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். எல்லாம் சொன்னபடி நடந்து, கலம் பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படை முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்தால், தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

1969 ஜூலை 24 அன்று அப்போல்லோ 11 பசிபிக்கில் விழுந்தபோது அதுவும் கவிழ்ந்துதான் போயிற்று. கொஞ்ச தூரத்தில் கப்பலில் அதிபர் நிக்சன் காத்துக்கொண்டிருந்தார். நிலாவில் நடந்துவிட்டு வந்த இரண்டு பேரும், மேலே அவர்களுக்காகக் காத்திருந்த கோலின்ஸும், இருக்கை வாரில் தலைகீழாகத் தொங்கியபடி சில நிமிடம், மூக்குப் பக்கத்துப் பைகளில் காற்று ஏறிக் கலம் நிமிரும் வரை, அப்படியே இருந்தார்கள்.